அடுத்தவங்க உடுப்பை நாம உடுத்தலாமா? கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். தையல் பாதி, வாடகை பாதி. நாட்டிய உடுப்பு, நகை செட், பள்ளிக்கூட மாறுவேட உடுப்பு, கல்யாணப் பெண்ணுக்கு ஒருநாள் ஒட்டியாணம், எல்லாம் போகும், வரும். முன்பெல்லாம் "அளவு சரியா இருக்குமா, அழுக்கு போகுமா" என்று மட்டும்தான் கேட்பார்கள். இந்த ஐந்தாறு வருஷமாக வேறு மாதிரி கேள்விகள் வருகின்றன. கல்லூரிப் பிள்ளைகள் போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள், அம்மாமார் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். ஒரே பதிலை இருபது தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

எக்கா, இந்த கல்ச்சுரல் அப்ரோப்ரியேஷன்னா என்னது? துணி உடுத்துறதுல என்ன களவு இருக்கு?

துணி உடுத்துவது களவே இல்லை. ஒரு கூட்டத்தாருடைய உடையை, நகையை, முடி முடிகிற விதத்தை, அவர்களைவிடக் காசும் செல்வாக்கும் உள்ள இன்னொரு கூட்டத்தார் எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், வருகிற பேரையும் பணத்தையும் தாங்களே வைத்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் தமிழில் பண்பாட்டுப் பறிப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். சிலர் அபகரிப்பு என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் சரி.

வீட்டில் களவு போனால் பொருள் இருந்த இடத்தில் இருக்காது. இதில் பொருள் அங்கேயே கிடக்கும். பேரும் கூலியும்தான் இடம் மாறும். அதனால்தான் "அவங்க வீட்டுல அது இன்னும் இருக்கே, எடுத்தா என்ன" என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்போ ரசிச்சு உடுத்துறதுக்கும் பறிக்கிறதுக்கும் வித்தியாசத்த எப்படிக் கண்டுபிடிக்க?

எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. படித்து வந்ததில்லை, நம்ம ஊர்ச் சரித்திரத்திலிருந்து வந்தது. அந்தச் சரித்திரத்தைக் கீழே தோள்சீலைக் கேள்வியில் சொல்கிறேன். அளவுகோல் இதுதான்: இதை உடுத்தியதற்காக அடி வாங்கியவர் யார், இப்போது உடுத்திக் கைதட்டு வாங்குகிறவர் யார்? இரண்டும் ஒரே ஆள் என்றால் பேச்சே இல்லை. வேறு வேறு ஆள் என்றால் நின்று யோசிக்க வேண்டும்.

சீக்கியர் தலைப்பாகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் தலைப்பாகையையும் தாடியையும் பார்த்தே சீக்கியர்களை அடித்தார்கள், சுட்டுக் கொன்றதும் உண்டு. 2018-இல் இத்தாலியின் கூச்சி நிறுவனம் தன் காட்சியில் வெள்ளைக்கார மாடல்களின் தலையில் அதே போன்ற தலைப்பாகையை வைத்து நடக்கவிட்டது. அடுத்த வருஷம் அது சுமார் 790 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. சீக்கியர்கள் தினமும் காலையில் மீட்டர் கணக்கில் துணியை மடித்து மடித்துக் கட்டுவது. அதைத் தொப்பி மாதிரி தைத்து எடுத்து மாட்டச் சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

ஓணத்துக்கு காலேஜ்ல செட்டு சேலை கட்டுறோம். நாங்க மலையாளி கிடையாதே, அது தப்பா?

ஆவணி வந்தால் கடையில் இந்தக் கேள்விதான் முதலில் வரும். நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு கிடந்தது. ஓணத்துக்கு இன்றைக்கும் இங்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அத்தப்பூ போடுகிற தமிழ் வீடும் உண்டு, தைப்பொங்கல் வைக்கிற மலையாள வீடும் உண்டு. செட்டில் வருகிற முண்டும் (இடுப்பில் கட்டுவது) நேரியலும் (மேலே போடுவது) எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொத்து மட்டும் இல்லை. பாலராமபுரம் கைத்தறிக்கு இவ்வளவு பேர் இருக்கிறதே, அங்கே தறி போட்ட சாலியர்களைத் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்துதான் மகாராஜா காலத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள் என்று சொல்வார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தது என்று இதில் கணக்குப் பார்த்தால் விடிந்துவிடும்.

ஆசையாகக் கட்டுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கசவு (ஜரிகைக் கரை) என்று சொல்லி முந்நூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் ஜரிகை வைத்த விசைத்தறிச் சேலை வருகிறது. தண்ணீர் பட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். கைத்தறி விலை கட்டவில்லை என்றால் அம்மாவுடையதை வாங்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் என்னிடம் வாடகைக்கு எடுங்கள். (ஆமாம், வியாபாரம்தான்.)

வெள்ளைக்காரி சேலை கட்டினா நமக்குச் சந்தோஷம்தானே? அமெரிக்காவுல இருக்க எம் மவ மட்டும் ஏன் இதுக்குக் கோவப்படுதா?

நமக்குச் சந்தோஷம்தான். கன்னியாகுமரியில் படகுத்துறை வரிசையில் பருத்திச் சேலையைச் சுற்றிக்கொண்டு, மடிப்பு அவிழ அவிழப் பிடித்துக்கொண்டு நிற்கிற வெளிநாட்டுக்காரப் பெண்ணைப் பார்த்தால், நம்மூர் அம்மாக்கள் ரெண்டு பேர் ஓடிப்போய் ஊக்குக் குத்திவிடுவார்கள். சேலைக்காக இங்கே யாரும் நம்மைக் கேலி செய்ததில்லை. நாம் பெரும்பான்மையாக இருக்கிற ஊரில் நம் உடுப்பை ஒருத்தர் உடுத்தினால் அது விருந்து.

உங்கள் மகள் இருக்கிற இடம் வேறு. 1987-இல் நியூஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் 'டாட்பஸ்டர்ஸ்' என்று ஒரு கும்பல் கிளம்பியது. டாட் என்றால் நெற்றிப் பொட்டு. இந்தியர்களை ஊரைவிட்டுத் துரத்தப் போகிறோம் என்று பத்திரிகைக்கே கடிதம் எழுதினார்கள். அந்த வருஷமே பக்கத்து ஊரில் ஓர் இந்தியரை அடித்துக் கொன்றார்கள், அவரைத் தாக்கியது வேறு இளைஞர்கள் என்றாலும் பயம் எல்லார் வீட்டிலும் ஏறியது. பெண்கள் பொட்டை அழித்துவிட்டு வெளியே போன காலம் அது. பத்து வருஷம் கழியவில்லை, அதே நாட்டில் பாட்டுக்காரிகள் பொட்டு வைத்து மேடை ஏறினார்கள், பத்திரிகையெல்லாம் புது ஃபேஷன் என்று எழுதியது. பள்ளிக்கூடத்தில் எண்ணெய்த் தலை என்று கேலி வாங்கிய பிள்ளைக்கு அதைப் பார்த்தால் எரியாதா? மேலே சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். உங்கள் மகளுடைய கோபம் உங்களுக்கே புரியும்.

நம்ம சாரத்தப் பாவாடைன்னு சொல்லி வெளிநாட்டுல வித்தாங்களாமே?

வித்தார்கள். 2018-இல் ஸாரா நிறுவனம் ஒரு கட்டம் போட்ட பாவாடையைக் கிட்டத்தட்ட 70 பவுண்டு விலைக்கு வைத்தது. பார்த்தால் அசல் சாரம் (லுங்கி), முன்னால் சொருகல் உட்பட. லுங்கி என்ற பேச்சே இல்லை. வலைத்தளத்தில் நம்மவர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "எம்பது ரூவாய்க்கு நாகராஜா கோவில் திடல்ல வாங்குனது இன்னும் கிழியல" என்றார்.

எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. சாரத்தை மலாய்க்காரர் சாரோங் என்பார்கள். பர்மாவில் லோஞ்சி. கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் கட்டிக்கொண்டு போனது, கட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஊருக்குச் சொந்தம் என்று பட்டா போட முடியாது. ஆனால் பேர் சொல்லாமல் விட்டதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. 2025 ஜூனில் மிலான் காட்சியில் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பை வெறும் 'தோல் செருப்பு' என்று காட்டியது இதைவிட மோசம். அந்தச் செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு (ஊர்ப் பேரோடு வருகிற பொருளின் பேரைக் காக்கும் சட்டப் பதிவு) கிடைத்திருந்தது. மகாராஷ்டிராவில் கூச்சல் எழுந்த பிறகுதான், இது இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தது என்று ஒத்துக்கொண்டார்கள்.

புவிசார் குறியீடு இருக்குல்லா, கேஸ் போட முடியாதா?

முடியும், ஆனால் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். 1999-இல் இயற்றி 2003-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் பேரைத்தான் காக்கும். 'கோலாப்பூரி' என்று சொல்லி வேறு ஊர்ச் செருப்பை விற்றால் பிடிக்கலாம். பேரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்தால் பிடி நழுவிவிடும். போதாக்குறைக்கு நம்ம சட்டம் நம்ம நாட்டு எல்லையோடு சரி. பேர் சொன்னால் குற்றம், சொல்லாவிட்டால் தப்பிக்கலாம் என்கிற கூத்து இது.

சட்டம் இல்லாமலும் நியாயமாக நடக்க முடியும் என்பதற்கு நம்ம மலையிலேயே ஒரு சங்கதி உண்டு, உடுப்பு விஷயம் இல்லை என்றாலும் சொல்கிறேன். 1987-இல் அகத்தியமலைக்குப் போன விஞ்ஞானிகளுக்கு, கூட வழிகாட்டப் போன, அந்த மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைத் தின்னக் கொடுத்தார்கள். களைப்பு பறந்தது. கேரளத்துப் பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தபோது, தனக்கு வந்த உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதியைக் காணிக்காரர்களுக்கு என்று ஒதுக்கியது. பிற்பாடு பல சிக்கல்கள் வந்தன. ஆனாலும் பாதி என்று ஒருத்தர் சொன்னார்களே. துணிக்கடைக்காரர் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

நான் கிறிஸ்டியன். கல்யாணத்துக்கு டெம்பிள் ஜுவல்லரி போட்டா யாராவது ஏதாவது சொல்லுவாங்களா?

சொல்ல மாட்டார்கள். சொன்னால் என் கடைக்கு அனுப்புங்கள். இந்த மாவட்டத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் கிட்டத்தட்டச் சரிபாதி. வெள்ளைப் பட்டும் வலையும் போட்டுக் கோவிலுக்குப் போகிற பெண், சாயங்கால வரவேற்புக்குச் சிவப்புக் கல் ஆரம் போட்டுக்கொண்டு நிற்பது இங்கே புதுசில்லை. (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே தேவாலயத்தையும் கோவில் என்றுதான் சொல்வோம்.) லட்சுமி உருவம் பதித்த பதக்கம் மனசுக்கு ஒட்டவில்லை என்றால் மாங்காய், அன்னம், பூ வைத்த செட் கேளுங்கள். அதுதான் உங்களுக்கும் மரியாதை, அந்த உருவத்துக்கும் மரியாதை.

நான் இதில் பார்ப்பது மதத்தை இல்லை, செய்தவர் கையை. வடசேரிக் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. செய்வதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளித் தகட்டை வெட்டி, ஓரம் எழுப்பி, குழிக்குள் அரக்கை நிரப்பி, கெம்புக் கல்லை ஒவ்வொன்றாக அமர்த்துவார்கள். கல் நிற்பதற்காக அதைச் சுற்றித் தங்க ரேக்கை முள் போன்ற கருவியால் அழுத்தி அழுத்தி உட்காரவைப்பார்கள். தலைசாமானில் (தலையில் வைக்கிற நகைகளில்) ஒரு ராக்கொடி முடியவே நாள்கணக்கு ஆகும். ஆசாரி மூச்சை அடக்கிக்கொண்டுதான் ரேக்கைத் தொடுவார், பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும்.

இதே வடிவத்தை அச்சில் வார்த்து, கண்ணாடிக் கல்லைப் பசை போட்டு ஒட்டி, அதே பேரில் எங்கிருந்தோ அனுப்புகிறார்கள். கவரிங் போடுவது குற்றம் இல்லை, என் கடையிலேயே முக்கால்வாசி கவரிங்தான். அதைக் கவரிங் என்றே சொல்லிக் கொடுக்கிறேன். வடசேரி நகை என்று சொல்லிக் கொடுத்தால் அங்கேதான் பறிப்பு ஆரம்பிக்கிறது, அதுவும் அடுத்த தெருக்காரனிடமிருந்து.

ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி. பையனுக்கு ஆதிவாசி டிரெஸ் இருக்கா?

இல்லை. முன்பு இருந்தது. பச்சை ரெக்சினில் வெட்டிய இலைப் பாவாடை, கோழி இறகு வைத்த கிரீடம், பிளாஸ்டிக் ஈட்டி, கூடவே உடம்பில் பூச ஒரு டப்பா கறுப்பு மை. ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் ஓயாமல் வாடகைக்குப் போகும். நானேதான் தைத்தேன்.

ஒருநாள் பேச்சிப்பாறைக்கு மேலேயிருந்து ஒரு அம்மா மகளுக்குச் சீருடை தைக்க வந்தார். அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை ஆணியில் தொங்கியதைக் காட்டி, "இது யாரும்மா?" என்று கேட்டது. அந்த அம்மா என்னைப் பார்க்காமல், "நாமதானாம்" என்றார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், அன்றைக்கு என்னைவிட நல்ல சேலை கட்டியிருந்தார். இஞ்சு டேப் என் கையிலேயே இருந்தது. என்ன சொல்ல என்று தெரியாமல் கை நீளத்தை இரண்டு தடவை அளந்தேன். அன்று சாயங்காலம் அந்தச் செட்டைக் கழற்றி வைத்தேன். அதற்குப் பிறகும் கேட்டு வருகிறார்கள், இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

யாருடைய வேடமாவது போடவேண்டும் என்றால் பேருள்ள ஆளின் வேடம் போடுங்கள். வேலுத்தம்பி தளவாய், காமராஜர், மார்ஷல் நேசமணி என்று நம்ம பக்கத்திலேயே ஆள் உண்டு. ஒரு கூட்டத்தையே ஒரு வேடமாக்காதீர்கள். அமெரிக்கப் பழங்குடிகளின் இறகுக் கிரீடமும் அப்படித்தான். அது வீரத்துக்கும் சேவைக்கும் பெரியவர்கள் பார்த்துக் கொடுப்பது, பட்டாளத்துப் பதக்கம் மாதிரி. 2012-இல் உள்ளாடை விளம்பரக் காட்சியில் அதை மாட்டி நடக்கவிட்ட விக்டோரியாஸ் சீக்ரெட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம் பக்கத்து வீட்டு ராணுவக்காரர் வாங்கிய பதக்கத்தை யாராவது சட்டையில் குத்திக்கொண்டு டான்ஸ் ஆடினால் விடுவோமா?

கடற்கரையில நரிக்குறவங்ககிட்ட வாங்குன பாசிமாலைய காலேஜுக்குப் போட்டுட்டுப் போலாமா?

தாராளமாக. விற்கத்தானே கோர்த்தார்கள். பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்காமல் வாங்கிப் போடுங்கள். யாராவது கேட்டால், "போஹோ ஸ்டைல்" என்று சொல்லாமல் குமரிக் கடற்கரையில் இன்னாரிடம் வாங்கினேன் என்று சொல்லுங்கள். ஆனால் மாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டி, கொண்டையை ஒரு பக்கம் சாய்த்து ரீல்ஸ் போடுவது மேலே சொன்ன இலைப் பாவாடைக்குத் தங்கச்சி.

சிலுவை டாலர், ருத்ராட்சம் இதெல்லாம் சும்மா அழகுக்குப் போடலாமா?

சிலுவை உலகம் முழுக்க நகையாகிவிட்டது, போட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஜெபமாலை வேறு. அது எண்ணி ஜெபிக்கிற சாமான், கழுத்தணி இல்லை. கத்தோலிக்கப் பாட்டி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் கழுத்தில் இருப்பது விரதம், நீங்கள் போட்டால் வெறும் மணி. இரண்டும் பார்வைக்கு ஒன்று என்பதால்தான் குழப்பம். கார்த்திகையில் மட்டுமாவது அந்த மாலையை ஃபேஷனுக்குப் போடாமல் இருங்கள். வழியில் பார்க்கிறவர்கள் "சாமி" என்று கும்பிட்டால் உங்களுக்குத்தான் சங்கடம்.

ஆப்பிரிக்காக்காரங்க மாதிரி முடி முழுக்கக் குட்டிக் குட்டியா பின்னிக்கிட்டா?

கோவளம், வர்க்கலை கடற்கரைகளில் பின்னிவிடுகிறார்கள், நம்ம பிள்ளைகளும் போய்ப் பின்னிக்கொண்டு வருகிறார்கள். கறுப்பினப் பெண்களுக்கு அது ஸ்டைல் மட்டும் இல்லை, சுருள்முடி உடையாமல் காக்கிற வழி. அந்தப் பின்னலோடு போனால் வேலை கிடைக்காது, பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்ற நிலைமை அமெரிக்காவில் இருந்தது. முடியை வைத்து ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டதே 2019-இல்தான். நம்ம முடிக்கு அந்தப் பின்னல் தேவையும் இல்லை, நிற்கவும் நிற்காது. இழுத்துப் பின்னினால் நெற்றியோரம் முடி கொட்டும். அறத்தை விடுங்கள், உச்சந்தலைக்காகவாவது யோசியுங்கள்.

எக்கா, ஒரு சந்தேகம். நம்ம பாட்டிமாரு மேல்சீலை போட்டதும் உசந்த சாதிக்காரங்க உடுப்பத்தான எடுத்தாங்க? அப்போ அதும் அப்ரோப்ரியேஷனா?

இதைக் கேட்டது பதினெட்டு வயசுப் பிள்ளை. கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே என்று வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் உயர்சாதிக்காரர் முன்னால் மாரை மறைக்கக் கூடாது. மறைக்காமல் நிற்பதே மரியாதை என்று வைத்திருந்தார்கள். கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று, இங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் உத்தரவு வந்தது. சுறியானிக் கிறிஸ்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் போட்ட சட்டை மாதிரி அது. ஆனால் நம் பெண்களுக்குக் குப்பாயம் போதவில்லை. அதற்கு மேலே தோளில் ஒரு சீலையும் வேண்டும் என்றார்கள், நாயர் பெண்கள் போடுகிற மாதிரி. 1822-இல் கல்குளம், இரணியல் பக்கம் கலகம் தொடங்கியது. சந்தைக்குப் போன பெண்களின் சீலையை இழுத்துக் கிழித்தார்கள். 1829 அரசாணை, சட்டை போடலாம், தோள்சீலை கூடாது என்றது. 1858, 59-இல் மறுபடி அடிதடி, தீவைப்பு. 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா, எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். அதிலும் ஒரு வால்: உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது.

அந்த வாலைப் பாருங்கள். 'எங்க மாதிரி உடுத்தாதே' என்ற வாக்கியம் அங்கேயும் இருக்கிறது, இன்றைக்குப் பறிப்பைக் கண்டிக்கிறவர்கள் பேச்சிலும் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. வாக்கியம் ஒன்றாக இருக்கலாம், சொல்கிறவர் நிற்கிற இடம் வேறு. நாயர் பெண்களின் சீலையை நம் பாட்டிமார் போட்டதால் நாயர் பெண் யாரும் சீலை இல்லாமல் போகவில்லை, கூலி இழக்கவில்லை. போட்டவர்கள்தான் அடி வாங்கினார்கள். மேலே இருப்பவனுடைய உடுப்பைக் கீழே இருப்பவன் உடுத்துவது பறிப்பு ஆகாது. மிதித்த காலுக்கு அடியிலிருந்து எழுந்து நிற்பது அது. ரெண்டாம் கேள்வியில் சொன்ன அளவுகோல் எனக்கு இங்கிருந்து வந்ததுதான்.

நாகர்கோவில் லேஸ் வெள்ளைக்காரங்க கொண்டுவந்ததுதானே? அத நம்மதுன்னு சொல்லலாமா?

சொல்லலாம். 1820 வாக்கில் மிஷனரி மால்ட்டின் மனைவி இங்கே பெண்பிள்ளைகளுக்குத் திண்டில் ஊசி குத்தி நூல் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னச் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு முளகுமூட்டில் பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். கொண்டுவந்தவர்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், பின்னியவர்கள் கைக்குச் சொந்தக் காசு வந்தது, எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் மறைக்கவில்லை. இருநூறு வருஷம் நம் பெண்களின் கண்பார்வையைத் தின்ற தொழில். சொந்தம் கொண்டாட இதைவிட என்ன பத்திரம் வேண்டும்?

பரதநாட்டிய உடுப்பு, நகை எல்லாரும் போடுதோம். அது யாருது?

இது எனக்கே தொண்டையில் முள்ளாக நிற்கிற கேள்வி. என் சாப்பாடே இந்த உடுப்பில்தான் ஓடுகிறது. தலைசாமானும் ஒட்டியாணமும் கோவில் சிலைக்கு, அங்கிருந்து கோவிலில் ஆடிய பெண்களுக்கு, அங்கிருந்து மேடைக்கு, இப்போது கல்யாண மண்டபத்துக்கு வந்திருக்கின்றன. நம்ம சுசீந்திரத்திலும் தேவதாசிகள் இருந்தார்கள். அவர்கள் ஆடிய சதிர் 1930-களில் பரதநாட்டியம் என்று பேர் மாறிக் கௌரவமானது. 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை, அதாவது பெண்பிள்ளைகளைக் கோவிலுக்கு நேர்ந்துவிடுவதை, சட்டம் தடுத்தது. ஒழிந்தது நல்லதுதான், அதற்குப் பாடுபட்ட முத்துலட்சுமி ரெட்டியின் அம்மாவே அந்த மரபில் பிறந்தவர். ஆனால் ஆட்டம் மேடை ஏறியபோது ஆடியவர்களில் எத்தனை பேர் கூட ஏறினார்கள்? பாலசரஸ்வதி போல ஒருசிலர். மற்றவர்கள் பேரை மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

அதற்காக உங்கள் மகளை ஆடாதே என்று சொல்ல மாட்டேன். அரங்கேற்ற அழைப்பிதழில் குருவின் பேர், சபாவின் பேர், ஒப்பனைக்காரர் பேர் வரைக்கும் போடுகிறீர்கள். ஆட்டம் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி போட்டால் தாள் பத்தாமல் போகாது. இதுவரை இரண்டு குடும்பம் போட்டிருக்கிறது.

இப்படிப் பாத்தா பேண்ட் சட்டைகூடப் போட முடியாதே?

போடலாம். தோள்சீலைப் பதிலை மறுபடி வாசியுங்கள். பேண்ட்டை நாம் எடுத்ததால் வெள்ளைக்காரன் எதை இழந்தான்?

உடுப்பு ஊர் விட்டு ஊர் போகத்தான் செய்யும். மெட்ராஸ் கட்டத்துணி அந்தக் காலத்திலேயே நைஜீரியாவுக்குப் போனது. அங்கே கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்று சொல்லி, பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் அதை வைத்துத்தான் சடங்கு செய்கிறார்கள். அதோடு விடவில்லை. நெய்த துணியிலிருந்து குறிப்பிட்ட நூல்களை மட்டும் வெட்டி உருவி, புதுசாக ஒரு கோலத்தையே வரவழைக்கிறார்கள். அதன் பேர் பெலெட்டே பிட்டே. நம்ம நெசவாளி பார்த்தால் முதலில் நெஞ்சு பதறும், அப்புறம் கொள்ளாம் (நல்லாருக்கு) என்று சொல்வார். எடுத்தால் அப்படி எடுக்க வேண்டும்.

எங்க ஆச்சியோட பாம்படம் பெட்டியில சும்மா கெடக்கு. இப்ப அதுதான் டிரெண்டாம். உருக்கி ஸ்டட் செஞ்சு போடட்டா?

முதலில் தங்கம் பற்றி: காதில் தொங்கப் போடுகிற பாம்படம் பார்வைக்குக் கனமாக இருக்கும், உள்ளே பெரும்பாலும் அரக்கு. உருக்கினால் கையில் கிடைக்கிற தங்கத்தைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். உருக்காமல் அப்படியே நூலில் கோர்த்துப் பதக்கமாகப் போட்டால் நன்றாக இருக்கும், நான் செய்து தருகிறேன்.

இதைக் கேட்ட பெண்ணிடம், ஆச்சி இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்களாம். அப்படியானால் ஏன் அவர் போடுவதில்லை? போட முடியாதாம், காதை வெட்டித் தைத்தாயிற்று. மகன் திருவனந்தபுரத்தில் வேலையாகிப் போனபோது, குவார்ட்டர்ஸில் நாலு பேர் வந்துபோகிற இடத்தில் தொங்கு காதோடு இருந்தால் நல்லா இருக்காது என்று வீட்டிலேதான் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஆச்சி ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

நகையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஆச்சியிடம் கேட்டுவிட்டு வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நூலின் நிறத்தை ஆச்சியே சொல்லி அனுப்பியிருக்கிறார், அரக்குச் சிவப்பு.